அம்மானில் மாறிய 23 சிகிச்சைத் திட்டங்கள்

மெடுல்லோபிளாஸ்டோமா என்பது சிறுமூளையில், பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய். ஹார்வி குஷிங் 1930ல் வெளியிட்ட கணக்கில் 61 நோயாளிகள். மூன்று வருஷம் தாண்டியவர் ஒரே ஒருவர். கட்டியை வெட்டி எடுத்தாலும் மூளையைச் சுற்றி ஓடும் நீர் வழியாக நோய் தண்டுவடத்துக்கு இறங்கிவிடும். மான்செஸ்டரில் எடித் பேட்டர்சனும் ஃபாரும் 1953ல் ஒரு வழி சொன்னார்கள்: கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் போதாது, மூளை முழுக்க, முதுகுத்தண்டு முழுக்கக் கதிர் கொடுக்கணும்.

கேட்க எளிதாக இருக்கு. தலைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கதிர், முதுகுக்குத் தனியாக இன்னொன்று. இரண்டும் கழுத்தில் சேர வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் தண்டுவடத்துக்கு அளவு மீறும். நடுவில் இடைவெளி விட்டால் நோய் அங்கே தங்கும். கண்ணைக் காக்க ஒரு தடுப்பு வைப்பார்கள். மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஓர் எலும்பு, அதன்மேல் மூளை தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். தடுப்பு கொஞ்சம் பெரிதானால் அந்த இடமும் மறைந்துபோகும்.

1999ல் பிரெஞ்சு மருத்துவர்கள் 169 குழந்தைகளின் கதிர்ப்படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் பெரிய பிழை. இரண்டு பெரிய பிழை நேர்ந்தவர்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு நோய் திரும்பியது. பிரான்சிலேயே இந்தக் கதை, பாருங்க. மெஷின் என்னவோ நல்ல மெஷின்தான்.

அப்படியென்றால் வசதி குறைந்த நாடுகளில்? அங்கே கதிர் மருத்துவர் பார்ப்பது பெரும்பாலும் பெரியவர்களை: மார்பு, கருப்பை வாய், தொண்டை. குழந்தையின் மூளைக்கட்டி எப்போதாவதுதான் வரும். கை பழகவே வாய்ப்பில்லை.

ஜோர்டானில் இதற்கு எடுத்த முயற்சி எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1997ல் அல்-அமல் என்ற பெயரில் திறந்த மையம், 2002ல் மன்னர் ஹுசைன் புற்றுநோய் மையம் ஆனது. 2004 டிசம்பரிலிருந்து அம்மானில் இப்ராஹிம் கத்தூமியின் குழுவும், டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் எரிக் பூஃபேயின் குழுவும் ஏறத்தாழ மாதம் ஒருமுறை வீடியோ கான்ஃபரன்ஸில் உட்கார்ந்தார்கள். அறுவை மருத்துவர், கதிர் மருத்துவர், ஸ்கேன் பார்ப்பவர், திசு பார்ப்பவர் என்று எல்லாரும். 2006 மே வரை 20 அமர்வு, 64 குழந்தைகள். அதில் 23 பேரின் சிகிச்சைத் திட்டம் பெரிதாக மாறியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

இந்த எண்ணைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அடுத்ததுதான் பெரிது. 2011–2014ல் அதே இரண்டு மருத்துவமனைகள் பேசிய கேஸ்களில், பெரிய மாற்றம் தேவைப்பட்டது பத்து சதவீதத்துக்கும் கீழே.  பேசிப் பேசியும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் திரையில் தெரிவது ஸ்கேன் மட்டும்தான். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், சுமார் 30 தடவை அசையாமல் படுக்க வேண்டிய நாலு வயசுக் குழந்தையை மேசையில் எப்படிக் கிடத்துவது, மயக்க மருந்து எப்போது, முகமூடியை எப்படி வார்ப்பது — இதற்கெல்லாம் யாராவது ஒருவர் விமானம் ஏறிப் போய்ப் பக்கத்தில் நின்றுதான் பார்த்து வரணும்.