கைப்பிடி ஏன் கறுக்குது? ஆவாரம் பட்டையும் ஒரு காஸ்ட்லி ஹேண்ட்பேகும்

போன மாசம் நாகர்கோவில்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க, கூடவே ஒரு போட்டோ. ஆசை ஆசையா காசு சேர்த்து வாங்கின டிசைனர் பேக். வாங்கும்போது கைப்பிடி வெளிர் மணல் நிறம். ரெண்டு வருஷத்துல ஒரு பக்கம் தேன் நிறம், கை படுற இடம் கறுப்பு, ஐப்பசி மழைல நனைஞ்ச இடத்துல வட்ட வட்டமா கறை. போதாக்குறைக்கு அலமாரிக்குள்ள வச்சிருந்ததுல வெள்ளையா பூசணம். "அக்கா, என்னை ஏமாத்திட்டாங்களா? இது டூப்ளிகேட்டா?" இதுதான் கேள்வி.

இல்லைங்க. கறுக்குதுன்னா பெரும்பாலும் அது நிஜத் தோல். ஏன் கறுக்குதுன்னு தேடிப்போனா நூத்தம்பது வருஷத்துக்கு முந்தைய மெட்ராஸுக்கும் திண்டுக்கல்லுக்கும் போய் நிக்கிறோம். நம்ம ஆளுங்க இதே பிரச்சனையோட ஒரு காலத்துல மல்லுக்கட்டியிருக்காங்க. அதான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு அடிப்படை. பச்சைத் தோல் வேற, பதனிட்ட தோல் வேற. நம்ம ஊர்ப்பக்கம் சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போனவங்க கணியான் கூத்து பார்த்திருப்பீங்க. ஆட்டத்துக்கு நடுவுல மகுடத்தைத் தீயில காட்டி சூடேத்துவாங்க. அந்தத் தோல் பதனிடாதது. ஈரக்காத்து பட்டா தொய்ஞ்சுடும், சூடு பட்டா இறுகும், அப்பத்தான் நாதம் வரும். ஆனா செருப்புக்கும் பைக்கும் அப்படி ஒரு தோலை வச்சுக்க முடியாது. நனைஞ்சா அழுகக் கூடாது, காஞ்சா பலகை மாதிரி விறைக்கக் கூடாது. அதுக்குத்தான் பதனிடுதல். மரப்பட்டையில இருக்கிற துவர்ப்புச் சத்து, அதாவது டானின், தோலோட புரதத்துல போய் ஒட்டிக்கும். பச்சை வாழைக்காயைக் கடிச்சா நாக்கு இழுத்துப் பிடிக்கும் இல்லையா, அதே வேலை.

இந்த நேயரோட பேக்ல இருக்கிற கைப்பிடி இந்த வகைதான். மரச்சாறுல பதனிட்ட மாட்டுத் தோல், மேல சாயமும் கிடையாது, பிளாஸ்டிக் பூச்சும் கிடையாது. லூயி விட்டான் மாதிரி கம்பெனிகள் கைப்பிடிக்கும் ஓரத்துக்கும் இதைத்தான் போடுறாங்க. இத்தாலியில டஸ்கனி பக்கம் செஸ்ட்நட், மிமோசா, குவெப்ராச்சோ மரங்களோட சாறுல ஊற வைப்பாங்க. தென்னிந்தியால அந்த இடத்துல இருந்தது ஆவாரம் பட்டை.

ஆவாரஞ்செடி நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்கு கொஞ்சம் தூரத்துச் சொந்தம். வயலும் வாய்க்காலும் தென்னையுமா இருக்கிற நம்ம மண்ணுல அதை அவ்வளவா பார்க்க முடியாது. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி பணகுடி, வள்ளியூர்ன்னு போகப் போக காடு வறண்டு, மஞ்சள் பூ கண்ணுல பட ஆரம்பிக்கும். வானம் பார்த்த பூமியோட செடி அது. பட்டையை உரிச்சுக் காய வச்சு மூட்டை மூட்டையா டேனரிகளுக்கு அனுப்புவாங்க. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, பல்லாவரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு... தமிழ்நாட்டோட தோல் வரைபடம் பெரும்பாலும் வறண்ட ஊர்களோட வரைபடம்தான்.

19ஆம் நூற்றாண்டோட நடுப்பகுதியில இந்தத் தொழில் பெரிசா மாறுது. பாண்டிச்சேரியைச் சேர்ந்த டி சூசாங்கிற யூரேஷியர்தான் பழைய முறையைச் சீர்படுத்தினார்னு தொழில் வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. சுண்ணாம்புக் குழியில போட்டு முடி நீக்கி, சதை சீவி, கழுவி, ஆவாரம் பட்டைச் சாறுல முதல்ல நீர்க்க, அப்புறம் கெட்டியா மாத்தி மாத்தி ஊற வைக்கணும். கனமான மாட்டுத் தோல்னா வாரக்கணக்குல ஆகும். அதுக்கு மேல எண்ணெய்: புங்க எண்ணெய், நல்லெண்ணெய். இப்படிப் பாதி முடிஞ்ச தோல் மெட்ராஸ் துறைமுகத்துல இருந்து லண்டனுக்குக் கப்பலேறி, அங்க ஏலம் போகும். அதுக்குப் பேரு ஈஸ்ட் இந்தியா தோல். ஆட்டுத் தோலை லண்டன் வியாபாரிகள் 'பெர்ஷியன்'னு கூப்பிட்டாங்க. பெர்ஷியாவுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. வெள்ளைக்காரன் வச்ச பேரு, அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆவாரம் பட்டையில பதனிட்ட தோல் வெயில் பட்டா சிவக்கும். வெளிர் நிறத்துல கிளம்பின சரக்கு வெளிச்சம் படப்படச் சிவந்துபோனா வாங்குறவன் விலையைக் குறைப்பான். அதுக்கு நம்ம டேனரிக்காரங்க கண்ட வழிதான் கடுக்காய். பட்டைச் சாறுல ஊறினதுக்கு அப்புறம் கடுக்காய்த் தண்ணியில ஒரு முக்கு. நிறம் பளிச்சுனு வெளிர் மஞ்சளாகும், சிவக்கிறதும் மட்டுப்படும். பாட்டி வைத்தியத்துல வயித்துக்குக் கொடுக்கிற அதே கடுக்காய்தான்.

எனக்கு இதுல பிடிச்ச வேடிக்கை என்னன்னா, நம்மாளுங்க எதைக் குறைன்னு மறைக்கப் பாடுபட்டாங்களோ, அதையே இன்னைக்கு 'பாட்டினா'ன்னு பேர் வச்சு லட்சக்கணக்குல விக்கிறாங்க. நேயரோட கைப்பிடியில நடக்கிறதும் அதுதான். வெளிச்சமும் காத்தும் பட்டு டானின் நிறம் மாறுது, கூடவே கையோட எண்ணெய்ப்பசையைத் தோல் குடிக்குது. நம்ம ஊர்க் கைன்னா தேங்காய் எண்ணெய் இல்லாமலா? தலையைத் தடவின கையோட பேக்கை எடுத்தா மத்த இடத்தைவிட அந்த இடம் சீக்கிரம் கறுக்கும்.

ஆனா பெருமை மட்டும் பேசிட்டுப் போக முடியாது. லண்டன் நூலகங்கள்ல 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஒரு பிரச்சனை. புத்தக அட்டைகள் செம்மண் தூள் மாதிரி உதிர ஆரம்பிச்சது. தொட்டா கையெல்லாம் சிவப்பு. சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு கமிட்டி போட்டு 1901ல அறிக்கை குடுத்தாங்க. ரொம்ப மோசமா உதிர்ந்ததுல முன்னால நின்னது நம்ம 'பெர்ஷியன்'. ஆவாரம் பட்டை மாதிரி வகை டானின்கள் புத்தகக் கட்டுக்கு ஆகாது, சுமாக் இலையில பதனிட்டது நல்லதுன்னு எழுதினாங்க. தோல் மேல மட்டும் பழி போட முடியாது. அறையில எரிஞ்ச கேஸ் விளக்குப் புகையில இருந்த கந்தகம், சாயம் போடும்போது சேர்த்த அமிலம், ரெண்டும் சேர்ந்து அரிச்சிருக்கு. ஆனாலும் வருஷக்கணக்கா அலமாரியில நிக்க வேண்டிய புத்தகத்துக்கு நம்ம தோல் சரியில்லைங்கிறது உண்மை. மலிவா, வேகமா, நிறைய அனுப்பினோம். அதுக்கும் ஒரு விலை இருந்தது.

புத்தகத்துக்கு ஆகாதது பூட்ஸுக்கு ஆச்சு. முதல் உலகப் போர்ல சிப்பாய்களோட பூட்ஸ் மேல்பாகத்துக்கு ஈஸ்ட் இந்தியா மாட்டுத் தோல் அவ்வளவு தேவைப்பட்டு, 1916ல அரசாங்கமே இந்த வியாபாரத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்துடுச்சு. வறண்ட காட்டுல உரிச்ச பட்டை கடைசியில பதுங்குகுழிச் சேத்துல போய் நின்னுருக்கு.

இந்தப் பணமெல்லாம் யார் உடம்புல இருந்து வந்துச்சுங்கிறதையும் சொல்லணும். சுண்ணாம்புக் குழிக்குள்ள இறங்கி நின்னு கையும் காலும் வெந்தது பெரும்பாலும் தலித் தொழிலாளர்களுக்கு. தோலைத் தொட்டவனைத் தீண்டத்தகாதவன்னு சொன்ன ஊர், அந்தத் தோல் செருப்பா திரும்பி வந்தப்ப காலுக்குப் போட்டுக்கிச்சு. திண்டுக்கல் டேனரித் தொழிலாளர்களோட கதையை டி. செல்வராஜ் 'தோல்'ங்கிற நாவலா எழுதினார். 2012ல சாகித்ய அகாதமி விருது வாங்கின புத்தகம். ஹேண்ட்பேக் வச்சிருக்கிறவங்களும் படிங்க, இல்லாதவங்களும் படிங்க.

அப்புறம் குரோம் வந்துச்சு. 1903 வாக்குல ஆல்ஃபிரட் சாட்டர்டன்ங்கிற ஆங்கிலேய அதிகாரி மெட்ராஸ்ல குரோமியம் உப்பு வச்சுப் பதனிடுற சோதனையை ஆரம்பிச்சார். எதுக்குன்னு நினைக்கிறீங்க? கமலை இறைக்கிற தோல் பைக்கு! கிணத்துத் தண்ணியில தினமும் முங்குற பட்டைத் தோல் சீக்கிரம் போயிடும், குரோம் தோல் தாங்கும். நாஞ்சில் நாட்டுக்கு வாய்க்கால் பாசனம், பேச்சிப்பாறை அணையும் 1906ல முடிஞ்சாச்சு. கமலை நமக்கு அவ்வளவா தேவைப்படல. கணவாய்க்கு அந்தப் பக்கம் அது உயிர்ப் பிரச்சனை. பல்லாவரம் பக்கத்துல வந்த குரோம் தோல் தொழிற்சாலையாலதான் குரோம்பேட்டைங்கிற பேரே வந்தது. வாரக்கணக்கு வேலை ஒரு நாள், ரெண்டு நாள்ல முடிஞ்சது. அந்தக் கழிவு பாலாத்துல கலந்து, 1996ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ற அளவுக்குப் போனது தனி எபிசோடுக்கான கதை. மீதியிருந்த மரப்பட்டைத் தொழிலும் ஆவாரத்தை விட்டு, நீலகிரி, கொடைக்கானல் மலைகள்ல நட்ட சீகை மரப்பட்டைக்கும் இறக்குமதிச் சாறுக்கும் மாறிடுச்சு.

சரி, நேயரோட பேக். நாகர்கோவிலுக்கு ஆனியில ஒரு மழை, ஐப்பசியில ஒரு மழை, மீதி நாள் கடல்காத்து. காத்துல ஈரம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினா பூசணம் குடிவரும். அதனால கடையில குடுத்த பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் போடுங்க. பழைய பருத்தி வேட்டியில சுத்தி, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, வாரம் ஒரு தடவை வெளிய எடுத்து நிழல்ல காத்தாட வைங்க. பூசணம் வந்துட்டா வீட்டுக்கு வெளிய கொண்டுபோய் காஞ்ச மென்மையான பிரஷ்ல தட்டுங்க. வீட்டுக்குள்ள தட்டினா அது அடுத்த செருப்புக்குப் போகும்.

மழைத்துளி விழுந்தா அந்தப் புள்ளியை மட்டும் தேய்க்காதீங்க, வட்டம் இன்னும் எடுப்பா தெரியும். லேசா ஈரமான துணியால அந்தத் துண்டு முழுக்க ஒரே சீரா ஒத்தி, ஃபேன் காத்துல மெதுவா காய விடுங்க. வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். பேபி வைப்ஸ், சானிடைசர் ரெண்டையும் பக்கத்துலயே விடாதீங்க. தேங்காய் எண்ணெய் தடவினா சரியாகும்னு அம்மா சொல்வாங்க. கறுப்புத் திட்டுதான் மிஞ்சும்.

கறுத்ததை வெளுக்க வைக்க முடியுமா? முடியாது. மத்த இடமும் கறுத்து சமமாகுற வரைக்கும் தினமும் எடுத்துட்டுப் போங்க, அலமாரியில ஒளிச்சு வைக்காதீங்க.

இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாராவது கடுக்காயைக் கொதிக்க வச்சுக் கைப்பிடியில பூசக் கிளம்புவீங்கன்னு தெரியும். தயவுசெஞ்சு வேண்டாம். டேனரியில முழுத் தோலையும் முக்குறது வேற, தைச்சு முடிச்ச பேக் மேல தடவுறது வேற. இன்னொண்ணு, டானினும் இரும்பும் ஈரத்துல சேர்ந்தா கறுப்பு மை. அந்தக் காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினது அப்படித்தான். அதனால நனைஞ்ச கைப்பிடியில இரும்புச் சாவிக்கொத்தை மாட்டித் தொங்க விடாதீங்க. அந்தக் கறை போகவே போகாது.