மட்குவதும் மட்காததும் – நொய்யற்கரையிலிருந்து ஒரு வரலாறு

கொங்கு நாட்டு உழவர் பேச்சில் 'மக்குதல்' என்றொரு சொல் உண்டு. எழுத்தில் அதனை 'மட்குதல்' என்கிறோம். சாணமும் ஆட்டுப் புழுக்கையும் சருகும் குப்பைக்குழியில் கிடந்து மக்கினால்தான் எரு. மக்காத எருவை இட்டால் பயிர் கெடும் என்பது நம் கிழவர்கள் அறிந்த பாடம். ஒரு பொருளை நுண்ணுயிர்கள் உண்டு, கரியமில வாயுவும் நீரும் தாது உப்புக்களுமாகப் பிரித்துவிடுவதைத்தான் அச்சொல் குறிக்கிறது. தொழிற்சாலையில் பிறந்த வேதிப்பொருள் ஒன்று ஆற்றுநீரில் இவ்வாறு மட்குமா, எத்தனை நாளில் மட்கும் என்று அளந்தறியும் சோதனைக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றை நொய்யற்கரையில் நின்று வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் எளிய முறையை 1888இல் ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் கண்டறிந்தார். கல்லூரி ஆய்வகங்களில் வேதியியல் மாணவர்கள் இன்றும் அதனைச் செய்கின்றனர். மாவுக்கரைசல் சேர்ந்து நீலமான நீர், சொட்டுச் சொட்டாகத் தயோசல்பேட் விழ விழ நிறமற்றுப் போகும். நுண்ணுயிர்கள் கழிவை உண்ணும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. ஆகவே மூடிய புட்டியில் எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு கழிவு உண்ணப்பட்டது என்று தெரியும். பி.ஓ.டி. என வழங்கும் சோதனையின் அடிப்படை இவ்வளவுதான்.

இதனைச் சட்டத்தின் அளவுகோலாக்கியது 1898இல் பிரிட்டனில் அமைக்கப்பட்ட கழிவுநீர் அகற்றலுக்கான ராயல் கமிஷன். அதன் எட்டாவது அறிக்கை 1912இல் வெளியானது. 65 பாரன்ஹீட் வெப்பநிலையில் ஐந்து நாட்கள் என்பது அதன் கணக்கு. ஆற்றில் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது அதன் விதி. ஆனால் அவ்விதியின் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது: கழிவைப்போல் எட்டு மடங்கேனும் தூய நீர் அந்த ஆற்றில் ஓட வேண்டும்.

இந்தியா இச்சோதனையைத் தன் தட்பவெப்பத்திற்கு ஏற்பத் திருத்திக்கொண்டது. இங்கே 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாட்கள். ஆற்றில் விடும் தொழிற்கழிவுக்கு 30 மில்லிகிராம் என்பது வரம்பு. வெப்பம் திருத்தப்பட்டது, நாட்கள் திருத்தப்பட்டன. ஆனால் ஆற்றில் நீர் ஓட வேண்டும் என்ற பழைய நிபந்தனையை நாம் எங்கே வைத்தோம்? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூரைத் தொட்டு, திருப்பூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல், மழைக்காலத்து ஆறு. காஞ்சிமாநதி என்று புராணம் போற்றிய அந்த ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி எட்டு மடங்கு நீர் ஏது? திருப்பூருக்குக் கீழே பல மாதங்கள் கழிவே ஆறாக ஓடியது.

பி.ஓ.டி. கழிவுநீரின் மொத்தச் சுமையைத்தான் சொல்லும். அதிலுள்ள தனித்தனிப் பொருள்களின் குணத்தைச் சொல்லாது. அந்தக் குறையை உலகுக்கு உணர்த்தியது சோப்பு நுரை. 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. புதிய சலவைத்தூள்களில் இருந்த கிளைத்த சங்கிலி மூலக்கூறுகளை நுண்ணுயிர்களால் எளிதில் உண்ண முடியவில்லை. 1961இல் மேற்கு ஜெர்மனி, சலவைப்பொருள்கள் குறிப்பிட்ட அளவு மட்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. உற்பத்தியாளர்கள் நேர்ச்சங்கிலி மூலக்கூறுக்கு மாறினர்; நுரை தணிந்தது. விற்பனைக்கு வருமுன்னரே ஒரு பொருளிடம் 'நீ மட்குவாயா?' என்று கேட்கும் வழக்கம் வேரூன்றியது இவ்வாறுதான்.

பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. இக்கேள்வியை 1981இல் பொது நெறிமுறையாக்கி, 1992இல் திருத்தி வெளியிட்டது. சோதிக்கும் பொருளைச் சிறிதளவே நீரில் இட்டு, கொஞ்சம் நுண்ணுயிர்களைச் சேர்த்து, இருட்டில் 28 நாட்கள் வைக்கிறார்கள். நுண்ணுயிர்களுக்கு அப்பொருளைத் தவிர வேறு கரி உணவு இல்லை. முழுதும் எரிந்தால் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகுமோ அதில் 60 விழுக்காடு செலவாக வேண்டும். அதுவும் 10 விழுக்காட்டைத் தொட்ட நாளிலிருந்து பத்து நாட்களுக்குள். தேறினால் அது 'எளிதில் மட்கும்' பொருள். தேறாதது மட்கவே மட்காது என்பதில்லை; அது அடுத்த கட்டக் கடுஞ்சோதனைக்கு அனுப்பப்படும். நுண்ணுயிர்கள் உயிரோடுதான் உள்ளனவா என்று பார்க்கச் சோடியம் அசிடேட் போன்ற சாதுவான பொருள் ஒன்றைத் தனிப் புட்டியில் வைப்பதும் வழக்கம்.

அதே 1992இல்தான் சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென எழுந்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவின் தேக்கமாயிற்று. சாயப்பட்டறை நீரில் இருப்பவை மூன்று வகை. சாயமேற்றியபின் சேர்க்கும் அசிட்டிக் அமிலம் போன்றவை எளிதில் மட்கும். சோதனைப் புட்டியின் சாதுவுக்கு அவை உறவினர். இரண்டாவது சாயம். பருத்தியில் பிடிக்காமல் நீரோடு போகும் பங்கு சிறிதன்று. வெயிலுக்கும் சோப்புக்கும் வெளுக்காமலிருப்பதே சாயத்தின் பெருமை. வாங்குபவர் விரும்பும் அக்குணமே ஆற்றுக்குத் தீங்கு. ஆக்சிஜன் உள்ள நீரில் பல அசோ சாயங்கள் மட்குவதில்லை. ஆக்சிஜனற்ற சேற்றிலோ அவை உடைந்து அரோமாட்டிக் அமீன்களாகின்றன. மூன்றாவது உப்பு. சாயம் துணியில் ஏற, ஒரு லிட்டர் சாயநீருக்கு ஐம்பது கிராம் அளவிலும் அதற்கு மேலும் உப்பு இடுவதுண்டு. உப்பு மட்குவதே இல்லை. அதற்கு எந்தப் புட்டியிலும் கேள்வியே இல்லை.

மூன்று நாள் பி.ஓ.டி. முதல் வகையை மட்டுமே பெரிதும் கண்டது. அதனைக் குறைத்துவிட்டால் தாளில் எண் ஒழுங்காகிவிடும்; தென்னந்தோப்பின் கிணற்றில் உப்பு அப்படியே நிற்கும். சில அமீன்களைத் தரும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடுத்தது. இந்தியா 1997இல் தடை விதித்தது. உடுத்துபவரின் தோலுக்காகப் பிறந்த அச்சட்டத்தின் அக்கறையில் ஆற்றங்கரைக் குடியானவர் இல்லை.

அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை செலுத்தவும், 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை அடையவும் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் விவசாயிகளின் பக்கம் நின்றது. ஆணை நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தனர் என்பதையும் இவ்வரலாறு மறைக்கலாகாது.

அதன்பின் வந்த சுத்திகரிப்பு முறையில், நுண்ணுயிர்த் தொட்டி மட்குவதை உண்கிறது. சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் மட்காததைப் பிரிக்கின்றன. பிரிந்தது மறைவதில்லை. உப்பின் ஒரு பகுதி மீண்டும் பட்டறைக்குப் போகிறது. மீந்த கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகின்றன. அவற்றுக்கும் ஓர் இடம் வேண்டுமே?

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' இத்துயரை நாவலாக்கியது. நம் வகுப்பறைகளில் அதனைப் பாடமாகப் பேசும்போது, அதனோடு இந்த 28 நாள் புட்டியையும் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. புட்டி பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது. எந்த ஆற்றில், எவ்வளவு நீரில், யாருடைய கிணற்றருகில் என்ற மற்ற கேள்விகளைக் கேட்டவர்கள் நொய்யல் விவசாயிகள். மக்காத எரு பயிரைக் கெடுக்கும் என்று அறிந்திருந்த அவர்களுக்கு, அக்கேள்வி புதிதாயிருக்கவில்லை.