தொழிலாளியின் வெள்ளியில் வளர்ந்த தமிழ்த்துறை

ஒரு பல்கலைக்கழகத்தின் வலிமை எதில் இருக்கிறது? கட்டடத்திலா, ஆய்வுக்கூடத்திலா, நூலகத்திலா? கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையைப் பற்றிப் பேசும்போது, அதற்காகக் கொடுத்தவர்கள் யார் என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் உருவானது. அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. ஆலோசனை கூற அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி, சமஸ்கிருதத்துக்கு முன்னுரிமை தரப் பரிந்துரைத்தார். மலாயா இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுடைய மொழி பின்வரிசைக்குப் போகலாமா? 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி எதிர்ப்புக் குரல் எழுப்பினார். எழுத்தோடு அவர் நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். கடைக்காரர்கள் கொடுத்தார்கள், அன்றாடங்காய்ச்சிகளான தொழிலாளர்களும் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாதவர்கள், பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று வெள்ளியை எடுத்து நீட்டினார்கள். 1956-இல் துறை பிறந்தபோது, அதில் தமிழே முதன்மை பெற்றது.

1959-இல் துறை கோலாலம்பூருக்கு வந்தது. இரயில்வே தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து பந்தாய் பள்ளத்தாக்கு வளாகம் தொலைவில் இல்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளுக்கும் பட்டப்படிப்பு வரை தமிழ் படிக்க உள்நாட்டிலேயே வழி கிடைத்தது.

1961-இல் தனிநாயகம் அடிகளார் துறைக்கு வந்தார். தமிழை உலக அறிஞர்கள் கூடி ஆராய வேண்டும் என்பது அவர் கனவு. 1964-இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இதே பல்கலைக்கழகத்தில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கி வைத்தார். சென்னைக்கு அந்த வாய்ப்பு 1968-இல்தான் வந்தது. தாயகத்துக்கு முன்பே புலம்பெயர்ந்த மண் தமிழுக்கு மேடை போட்டது!

அதே 1966-இல், தமிழியல் நூல்களுக்கு அடிகளார் தொகுத்த வழிகாட்டியும், சங்ககாலத் தமிழர் வாழ்வு குறித்து ச. சிங்காரவேலு எழுதிய ஆய்வு நூலும் இங்கிருந்து வெளிவந்தன. தமிழ் நூல்களின் தொகுப்பு நூலகத்தில் வளர்ந்தது. 1987-இலும் 2015-இலும் மாநாடு மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தது.

ஆனால், துறை ஒன்று நிலைப்பது பழம்பெருமையால் அல்ல. படிக்க வரும் மாணவர்களால். அன்று நிதி கொடுத்த தொழிலாளி தன் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கச் சொல்லவில்லை. தன் பேரப்பிள்ளை அந்த நூலகத்தில் ஒரு புத்தகத்தையாவது திறக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது இன்றைய தலைமுறையின் கடன்.