வரி இறுப்பவர் யார்?

இறை என்றால் வரி. இறை என்றால் அரசன். இறை என்றால் கடவுள். மூன்றுக்கும் ஒரே சொல்! முதலாவதை ஏன் கொடுக்கிறோம் என்று கேட்டால் மற்ற இரண்டையும் பகைத்ததாகுமே என்று அஞ்சித்தானோ, நம் மக்கள் நெடுங்காலம் வாய்மூடி நின்றனர்?

வரி தேவையில்லை என்பதல்ல நம் வாதம். தனியொருவனால் ஆகாததை ஊர் கூடிச் செய்யப் பொதுப்பொருள் வேண்டும். பொருநையாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் நிற்கின்றன; ஏழு, வெள்ளையர் ஆட்சிக்கு முந்தியவை. அணை கட்ட, கால்வாய் வெட்ட, கரை காக்க வாங்கப்படுவது வரி. வாங்கியது திரும்பி வராவிடில் அதன் பெயர் வேறு!

திரும்பி வந்ததா? சேரன்மாதேவியும் பிரமதேசமும் சோழராட்சியில் சதுர்வேதிமங்கலங்களாயின. வேதியர்க்கு விட்ட நிலத்தை 'இறையிலி' என்று கல்லில் பொறித்தனர். யாருக்கு இறையில்லை? உழுதவனுக்கா? அவன் களத்துமேட்டில் அளந்துகொண்டேயிருந்தான். அரண்மனைக்குப் போகவேண்டியது அக்கிரகாரத்துக்குப் போயிற்று, அவ்வளவே மாற்றம்.

பிறகு வந்தது நவாபு ஆட்சி. ஆர்க்காட்டு முகமது அலி கும்பெனியிடமும் அதன் அதிகாரிகளிடமும் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாயிற்று குடிகளின் விளைச்சல். இந்தக் கடன் ஊழலை 1785இல் இலண்டன் பாராளுமன்றத்திலேயே எட்மண்டு பர்க் கண்டித்துப் பேசினார். பேச்சு முழங்கியது, வசூல் நிற்கவில்லை! 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமை கும்பெனியின் கைக்குப் போயிற்று. நிலுவை கேட்டுக் கலெக்டர் ஜாக்சன் நெருக்கினார்; 1798இல் இராமநாதபுரத்தில் மோதல்; 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. வீரத்தை வணங்குவோம். ஆனால் பாளையக்காரர் கேட்டாலும் பரங்கியர் கேட்டாலும் கொடுத்தவன் ஏர் பிடித்தவனே என்பதை மறவோம்.

1801இல் நெல்லைச் சீமை நேரடியாகக் கும்பெனி ஆட்சிக்கு வந்தது. நாற்பதாண்டு வரி வாங்கிய பின்னும் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்க ஒரு பாலமில்லை! 1843இல் திறந்த பாலத்துக்குப் பொருள் கொடுத்தவர், கலெக்டர் அலுவலகச் சிரஸ்தார் சுலோசன முதலியார். அவர் கொடை பெரிது. குடிகளிடம் வாங்கிய அரசு ஒரு கொடையாளியின் கையை எதிர்பார்த்து நின்றதே, அந்தச் சிறுமையும் பெரிது!

பொதிகைக்கு அப்பால் திருவிதாங்கூரிலோ, நாடார் மீதும் ஈழவர் மீதும் தலைவரி. நிலத்துக்கு அல்ல, பிறந்த குலத்துக்கு வரி! 1865இல்தான் அது ஒழிந்தது.

விடுதலைக்கு முன், வாக்குரிமைகூடச் சொத்தும் வரியும் கல்வியும் உடைய சிலருக்கே. 1952 தேர்தலில் அந்த வேலி வீழ்ந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அந்தப் பத்தாண்டிலேயே மணிமுத்தாற்றில் அணை எழுந்தது. பொதுப்பணம் பொதுமக்களின் வயலுக்குத் தண்ணீராய்த் திரும்பியது.

எனினும் இன்றும் ஒரு குரல் கேட்கிறது: "வரி கட்டுவோர் நாங்கள், சலுகை பெறுவோர் அவர்கள்." வருமானவரி ஒன்றையே வரி என்று எண்ணுவோரின் குரல் அது. 2017 சூலை முதல் நடப்பிலுள்ள சரக்கு, சேவை வரி எவரைத் தொடவில்லை? பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு சோப்பு வாங்கும் கூலிப்பெண்ணும், மாளிகைக்காரர் அதே சோப்புக்கு இறுக்கும் வரியையே இறுக்கிறாள். அவளது கூலியில் அது பெருந்துண்டு. அவரது வருவாயில் தூசு. அவள் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் சோறு பிச்சையன்று. அவள் கொடுத்ததில் திரும்பி வந்த ஒரு பிடி.

இறுப்பவள் அவள், வாக்களிப்பவளும் அவள். ஆகவே இன்று இறை என்ற சொல்லுக்கு உரியவளும் அவளே. கணக்கைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. காட்ட அரசுக்குக் கடமை உண்டு!