யோகி பி

யோகி பி மலேசியாவைச் சேர்ந்த தமிழ்ச் சொல்லிசைக் கலைஞர். இயற்பெயர் யோகேஸ்வரன் வீரசிங்கம். தமிழ் ஹிப் ஹாப் இசையின் முன்னோடிகளுள் ஒருவர்.

பின்னணி

ஹிப் ஹாப் 1973-ல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றியதாகக் கொள்வர். ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க், ஒரே பாட்டின் 2 இசைத்தட்டுகளை 2 சுழற்றிகளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். அத்தாளத்தின் மேல் சொற்களை அடுக்கிப் பேசியதே ராப் எனப்படும் சொல்லிசையாக வளர்ந்தது. பழைய தட்டிலிருந்து புதிய பாட்டை உருவாக்குவது இக்கலையின் அடிப்படை.

தமிழில் 1994-ல் வெளியான 'காதலன்' படத்தின் 'பேட்ட ராப்' இவ்வகைப் பாட்டைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. எனினும் அது படத்தில் வரும் ஒரு துள்ளல் பாட்டாகவே நின்றது.

இசைப் பயணம்

யோகி பி, கோலாலம்பூரின் 'பொயட்டிக் அம்மோ' குழுவில் பாடினார். 1998-ல் வந்த அக்குழுவின் முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், காண்டனீயம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றது. பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'நட்சத்ரா' என்ற பெயரில் இணைந்து, 2006-ல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தோர் பெருமளவில் வாழும் நாட்டில், சிறுபான்மை மொழியான தமிழிலேயே ஒரு தொகுப்பை நிறுத்திக் காட்ட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

மதுரைத் தொடர்பு

அத்தொகுப்பில் பெரும் புகழ் பெற்றது 'மடை திறந்து'. 'நிழல்கள்' (1980) படத்துக்காக வாலி எழுதி, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டின் மறுவடிவம் இது. மூலப் பாட்டுக்கு இசையமைத்த இளையராஜா, அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்தில் பிறந்தவர். ஊர்த் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டு, கடல் கடந்த இளைஞர்களின் சொல்லிசையோடு தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது.

'பொல்லாதவன்' (2007) படத்தில், 1979-ல் எம். எஸ். விசுவநாதன் இசையமைத்த 'எங்கேயும் எப்போதும்' பாட்டின் மறுவடிவிலும் யோகி பி பங்கேற்றார். மதுரைச் சேவற்சண்டையைக் களமாகக் கொண்ட 'ஆடுகளம்' (2011) படத்தில் 'போர்க்களம்' பாட்டிலும், 'விவேகம்' (2017), 'காலா' (2018) படங்களிலும் அவர் குரல் ஒலித்தது.

முக்கியத்துவம்

சொல்லிசைக்கு ஆங்கிலமே ஏற்றது என்ற எண்ணத்தை யோகி பி தளர்த்தினார். எதுகையும் மோனையும் தமிழ் யாப்பின் பழைய உடைமைகள்; அவற்றைப் புதிய தாளத்தில் ஏற்றிப் பாடலாம் என்ற துணிவு அடுத்து வந்த இளைஞர்களுக்குக் கிடைத்தது.