தேறல், நறவு, தோப்பி: கூடியுண்டவர்களின் சொற்கள்

கர்நாடக அரசு 2007-ஆம் ஆண்டில் இரண்டு முடிவுகளை நடைமுறைப்படுத்தியது. ஜூலை முதல் நாளிலிருந்து சாராய விற்பனை முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் திராட்சை பதப்படுத்துதலுக்கும் ஒயின் உற்பத்திக்குமான கொள்கை வெளியிடப்பட்டது. முன்னது கூலித் தொழிலாளியின் கோப்பையைப் பற்றியது. பின்னது திராட்சைத் தோட்டத்தையும், நண்பர்கள் கூடிப் பலவகை ஒயின்களைச் சுவைத்து ஒப்பிடும் மாலைப்பொழுதையும் பற்றியது. ஒன்று குற்றமாகவும் மற்றொன்று ரசனையாகவும் பிரிந்து நின்ற இந்த நிலைக்கு ஒரு நீண்ட சொல்வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் பார்க்க ஏற்ற இடங்களுள் ஒன்று, சென்னை மாகாணச் சட்டத்தின் கீழும் மைசூர் மாநிலச் சட்டத்தின் கீழும் மாறி மாறி வாழ்ந்த கொள்ளேகால்.

முதலில் பழந்தமிழ்ச் சான்றுகள். சங்கப் பாடல்களில் குடிவகைகளைக் குறிக்கும் சொற்கள் பல: கள், தேறல், நறவு, பிழி, அரியல், மட்டு, தோப்பி. இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கடந்துவிடுவது வழக்கம். ஆயினும் சொற்களின் வேர்கள் வேறொன்றைச் சொல்கின்றன. தெளிதலைக் குறிக்கும் ‘தேறு’ என்னும் வினையோடு தேறல் இயைகிறது. அது கசடு இறங்கித் தெளிந்த குடி. நறவு, மணத்தைக் குறிக்கும் ‘நறு’ என்பதன் உறவு. பிழி, பிழியப்பட்டது. அரியல், அரிக்கப்பட்டது, அதாவது வடிகட்டப்பட்டது. தெளிவு, மணம், பிழிதல், வடித்தல் எனக் குடியின் பண்பும் செய்முறையுமே பெயர்களாக நின்றன. இன்று ஒயின் சுவைப்போர் நிறம், தெளிவு, மணம் எனப் படிப்படியாக மதிப்பிடுவதற்கு நெருக்கமான ஒரு கூர்நோக்கு இச்சொற்களுக்குள் படிந்திருக்கிறது.

இச்சொற்கள் தனியே வருவனவல்ல; உணவோடும் கூட்டத்தோடும் வருவன. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் மறவர் தம் இல்லத்தில் சமைத்த தோப்பியைப் பருகி, மன்றத்தில் காளையை அறுத்து உண்டு, பறை முழங்க ஆடுகின்றனர். அதே பாட்டில் வலைஞர் குடியிருப்புக்குச் செல்லும் பாணனுக்குச் சுட்ட மீனும் நறும்பிழியும் கிடைக்கின்றன. அந்தப் பிழியின் செய்முறையையும் புலவர் தருகிறார்: தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய கலத்தில் ஆறவைத்து, முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். தானிய முளையிலுள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்க, அச்சர்க்கரை புளித்து மதுவாகிறது. உலகெங்கும் பியர் வடிப்போர் இன்றளவும் பயன்படுத்தும் அடிப்படை இதுவே.

மலைபடுகடாம் குறிஞ்சி நிலத்துக் குடியைக் காட்டுகிறது. அங்கே தேனிலிருந்து ஆக்கிய தேறல் மூங்கிற் குழாயில் விளைகிறது. விருந்தினர் இரவில் குறைவின்றிப் பருகுகின்றனர். விடியலில் பழைய மயக்கம் தீர உண்ண வேண்டிய உணவையும் பாட்டு மறவாமல் குறிப்பிடுகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்து, கம்பியில் கோத்துச் சுட்ட ஊனால் நிறைந்தது. இரவும் பகலும் தின்றதில் பற்கள் உழுத கொழுவைப் போல மழுங்கின என்கிறான் பொருநன். திணைதோறும் குடி வேறு, அதனோடு சேரும் உணவும் வேறு.

அயல்நாட்டுக் குடியும் இவ்வரிசையில் இடம்பெற்றது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள குடியைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரனார் பாடுகிறார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் பகுதியின் ஆம்போரா சாடிகளது ஓடுகள் கிடைத்தன. பின்னர் நடந்த ஆய்வுகள் அவற்றுள் ஒயின் சாடிகளோடு ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும் மீன்சாற்றுச் சாடிகளும் இருந்ததைக் காட்டின. மொழியியல் நோக்கில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: நக்கீரனார் அக்குடிக்கு யவனச் சொல் எதையும் கடன் வாங்கவில்லை, ‘தேறல்’ என்றே அழைக்கிறார். கப்பலில் வந்த குடியும் மலைமூங்கிலில் விளைந்த குடியும் ஒரே சொல்லின் கீழ் வந்தன. ஊரை வைத்து உயர்வு தாழ்வு வகுக்காமல், தெளிவை வைத்துப் பெயரிட்ட மரபு அது.

இதனால் பழந்தமிழ்ச் சமூகம் குடியை ஒருமித்துப் போற்றியது எனக் கொள்வது பிழை. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிக் கடுமையாகக் கண்டிக்கிறது. ஆனால் அதே நூலின் காமத்துப்பாலில், உண்டாரை மட்டுமே மகிழ்விக்கும் பொருளாக ‘நறா’ உவமையில் வருகிறது. 

சொற்களின் இந்தப் பன்மையைச் சுருக்கியதில் அற நூல்களைவிட வருவாய்ச் சட்டங்களுக்குப் பங்கு மிகுதி. 1799-இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் கொள்ளேகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்து, கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் குடியை உரிமம், வரி, குத்தகை ஆகியவற்றின் பொருளாக்கியது. வீட்டில் சமைத்த தோப்பிக்கு அச்சட்டகத்தில் ஒரே பெயர்தான் சாத்தியம்: கள்ளத்தனமாகக் காய்ச்சியது. 1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது கொள்ளேகாலும் அதற்கு உட்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பில் மைசூர் மாநிலத்துக்கு மாறியது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராசநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. காவிரிக்கும் பிளிகிரிரங்கன் மலைக்கும் இடைப்பட்ட இவ்வூரில் தமிழரின் ‘கள்’ளும் கன்னடரின் ‘கள்ளு’ம் ஒரே திராவிட வேர்ச்சொல்லின் இரு வடிவங்கள். சொல்லுக்கு எல்லை மாறவில்லை. அச்சொல் குறித்த பொருளின் சட்டநிலையே எல்லையோடு மாறியது.

தடைகளுக்குப் பின்னால் உண்மையான துயரம் இருந்ததை மறைக்க இயலாது. 1981-இல் பெங்களூரில் நச்சுச் சாராயம் முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 1992-இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு, குடும்ப வருவாயையும் உடலையும் காக்கும் போராட்டமாக வளர்ந்தது. சங்கப் பாடல்களின் புளிக்கவைத்த குடி வேறு, காய்ச்சி வடித்து மலிவாக விற்கப்பட்ட சாராயம் வேறு. ஆயினும் தடையின் கோடு இந்த வேறுபாட்டின் வழியே செல்லவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடைசெய்யப்பட்டிருக்க, 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக் கடைகளில் காய்ச்சி வடித்த மதுவகைகள் விற்கப்படுகின்றன. அவற்றின் அலுவல்முறைப் பெயர் ‘இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மதுவகை’. செய்முறையையோ மணத்தையோ தெளிவையோ அப்பெயர் சொல்லவில்லை. வரிப் பட்டியலில் அதற்குரிய இடத்தை மட்டும் சொல்கிறது.

ஒரு சமூகம் எதைச் சுவைத்து வேறுபடுத்தத் தகுந்ததெனக் கருதுகிறதோ, அதற்கே அது பல சொற்களை ஆக்குகிறது. திராட்சை ஒயினுக்கு இன்று அச்சொற்கள் இறக்குமதியாகின்றன. கள்ளுக்கும் தோப்பிக்கும் அவை முன்பே இருந்தன. அவற்றைப் பேசியவர் வலைஞரும் மறவரும் மலைவாழ் மக்களும். மதுவின் வரலாற்றை எழுதுவோர் வருவாய்க் கணக்குகளோடு இந்தச் சொற்களையும் ஆவணங்களாகக் கொள்ளவேண்டும். ஏழையின் குடிக்கும் ஒரு ரசனை இருந்தது என்பதற்கு எஞ்சியுள்ள சான்று பெரும்பாலும் அவைதாம்.