மறந்தவருக்கு மன்னிப்பு, மறவாதவருக்கு ஏச்சு

அமெரிக்காவில் இரண்டு தம்பதியர். இரண்டு வீட்டிலும் கணவன் மனைவியில் ஒருவருக்கு, 65 வயது ஆவதற்கு முன்பே அல்சைமர் மறதிநோய் வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஆண்டுகள் கழித்து மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். முதல் வீட்டின் கதையைக் கேட்டவர்கள் நெகிழ்ந்து போனார்கள். இரண்டாவது வீட்டின் கதையைக் கேட்டவர்கள் ஏசித் தீர்த்தார்கள். இந்த ஓரவஞ்சனை ஏன் என்று பார்த்தால், இளவயது மறதிநோய் ஒரு தாம்பத்தியத்தை என்ன செய்கிறது என்பதும் விளங்கும்.

முதல் வீடு சாண்ட்ரா டே ஓகானருடையது. ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படித்தபோது பழகிய ஜானை 1952இல் மணந்தவர். 1981இல் அதிபர் ரீகன் அவரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆக்கினார். ஜான் ஃபீனிக்ஸ் நகரில் ஊன்றியிருந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, மனைவியோடு வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார். அந்தக் காலத்தில் இப்படிச் செய்த ஆண்கள் மிகச் சிலரே. 1990இல் அவருக்கு நோய் இருப்பது தெரிந்தது; வயது அறுபது. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் சாண்ட்ரா நீதிபதியாகவே தொடர்ந்தார். வீட்டில் தனியே விட முடியாத நிலை வந்ததும், கணவரை நீதிமன்றத்தில் தன் அறைக்கே அழைத்துவந்து உட்கார வைத்துக்கொண்டார்.

ஆயுள் முழுக்க வகிக்கக்கூடிய அந்தப் பதவியிலிருந்து 2006 ஜனவரி இறுதியில் விலகினார். தனக்காக ஊரையும் தொழிலையும் விட்டவருக்குத் தான் பட்ட கடனைத் தீர்க்க நினைத்திருக்க வேண்டும். நோய் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சில மாதங்களிலேயே ஜானை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போய், ஃபீனிக்ஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே முதலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. பிறகு அங்கிருந்த இன்னொரு நோயாளிப் பெண்ணோடு நெருக்கமானார். விடலைப் பருவத்துக் காதல் போல இருந்தது என்று 2007 நவம்பரில் மகன் ஸ்காட் உள்ளூர்த் தொலைக்காட்சியில் சொன்னார். அப்பா நிம்மதியாக இருப்பதில் அம்மாவுக்கு மகிழ்ச்சி என்றும் சொன்னார். சாண்ட்ரா பார்க்கப் போனபோதும் அந்த இருவரும் கைகோத்து அமர்ந்திருந்தார்களாம்.

இரண்டாவது வீட்டில் நோயாளி மனைவி. பி. ஸ்மித் என்று அறியப்பட்ட பார்பரா ஸ்மித், 1976இல் 'மத்மோசெல்' இதழின் அட்டையில் வந்த விளம்பர அழகி. கறுப்பினப் பெண்களுக்கு அந்த இடம் அரிதாக இருந்த காலம் அது. பின்னர் உணவகம் நடத்தினார், தொலைக்காட்சியில் சமையலும் விருந்தோம்பலும் சொல்லிக்கொடுத்தார். 1992இல் அவரை மணந்த டான் காஸ்பி தொழிலிலும் கூட்டாளி. பார்பராவின் பெயரும் முகமும்தான் அந்தக் குடும்பத்தின் முதல். 2014இல் தனக்கு அல்சைமர் என்று வெளியே சொன்னபோது அவருக்கு வயது 64. அந்த ஆண்டே நியூயார்க்கில் காணாமல்போய், மறுநாள்தான் கிடைத்தார். 2016இல் கணவனும் மனைவியும் சேர்ந்து நோயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அதுவரை ஊர் காஸ்பியைப் போற்றியது. 2018 முடிவில், தனக்கு ஒரு தோழி இருக்கிறார், அவர் வீட்டுக்கும் வந்து தங்குகிறார் என்று படங்களோடு சமூக ஊடகத்தில் எழுதினார். வந்தது வசைமழை. அந்தத் தோழி வெள்ளையினத்தவர் என்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஆயிற்று.

இரண்டையும் அருகருகே வைத்தால், முதலில் கண்ணில் படுவது நினைவு யாரிடம் இருந்தது என்பது. துரோகம் செய்ய ஞாபகம் வேண்டும். ஜானிடம் அது இல்லை; எனவே அவர்மேல் யாருக்கும் கோபமில்லை. அல்சைமர் பெரும்பாலும் அண்மை நினைவைத்தான் முதலில் அரிக்கிறது; அன்பையும் அச்சத்தையும் உணரும் திறன் நெடுங்காலம் தங்கிவிடுகிறது. மனைவி யார் என்பது மங்கிய பிறகும், பக்கத்தில் ஒரு கை வேண்டும் என்ற தேவை ஜானுக்கு மங்கவில்லை. இதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அதே தேவை, நினைவு சிதையாத காஸ்பிக்கு எழுந்தபோது மட்டும் அது காமம் ஆகிவிட்டது.

இங்கே வயதைக் கணக்கில் கொள்ள வேண்டும். எண்பதில் வரும் மறதிநோயில் இருவருமே தளர்ந்திருப்பார்கள். அறுபதில் வரும்போது துணைக்கு உடம்பும் ஆசையும் தொழிலும் எல்லாம் மிச்சமிருக்கின்றன. ஜான் இறந்தது 2009இல். நோய் தெரிந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அவ்வளவு காலம் ஒருவர் பேச்சுத்துணைகூட இல்லாமல் இருக்கலாம் என்று சொல்வது எளிது, அவர் நாமாக இல்லாதவரை.

சாண்ட்ராவின் பெருந்தன்மையைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் மனதில் என்ன இருந்தது என்று நமக்குச் சொன்னவர் மகன். மேலும், பராமரிப்பு இல்லம் தந்த தூரம் அவருக்கு இருந்தது. காஸ்பிக்கு அது இல்லை, மனைவியை அவர் வீட்டிலேயே வைத்திருந்தார். அந்த வீட்டுக்குத்தான் தோழியும் வந்தார் என்பதே பலருக்கு உறுத்தியது. எனக்கு உறுத்துவது வேறு. புத்தகம் எழுதியபோது பார்பராவும் உடன் இருந்தார். படங்களைப் போட்டபோது அவரால் சம்மதமோ மறுப்போ சொல்ல இயலாது. உறவு காஸ்பியின் சொந்த விஷயம். அதை ஊரறியப் பரப்பியதில், பதில் பேச முடியாத மனைவியின் மானமும் கலந்திருந்தது. அங்கேதான் அவர் தவறினார் என்பேன். ஜானின் கதையும் அவர் சம்மதமின்றித்தான் வெளியே வந்தது. அதை மட்டும் யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை.

பார்பரா 2020 பிப்ரவரி 22 அன்று, எழுபது வயதில், லாங் ஐலண்டில் தன் வீட்டிலேயே இறந்தார். விவாகரத்து வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணோடு போயிருக்கலாமே என்று காஸ்பியைக் கேட்டவர்கள், அப்படி அவர் போயிருந்தால் கடைசி ஆண்டுகளில் பார்பரா யார் பொறுப்பில் இருந்திருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.